காப்பு கட்டிய வண்டி

என் அக்காவைக் கட்டிக்கொண்டு வந்து, எனக்கு அண்ணனாகவும் ஆகிப்போன கன்னியப்ப மாமா,

தேசப்பன் எழுதுகிறேன். நானேதான். வேறு யாரிடமும் சொல்லி எழுதி வாங்கவில்லை. நீ பூசை செய்த எல்லையம்மன் கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து, என் கையால், ஒரு நாளைக்குக் கால் பக்கம் எழுதுகிறேன். அவசரம் ஒன்றுமில்லை. நீ எங்கே போகப்போகிறாய்?

மண்டபத்தில் சாயங்கால வகுப்பு தொடங்கியபோது நீ என்ன கேலி செய்தாய்! "இன்னா மச்சான், பல்லு கொட்ற வயசுல பலகைய தூக்கினு கெளம்பிட்ட? கலெக்டர் உத்தியோகமா?" என்றாய். போன தை மாதம் நீ கண்ணை மூடியபோது நான் என் பெயரை மட்டும்தான் எழுதுவேன். இப்போது பஸ் பலகை படிக்கிறேன். சென்னீர்குப்பம் நிறுத்தத்தில் ஒரு நாள், வந்த பஸ்ஸைப் பார்த்து "ஐயப்பன்தாங்கல்" என்று சத்தமாகப் படித்தேன். பக்கத்தில் நின்ற பெண், "ஆமா பெரியவரே, அங்கதான் போவுது, ஏறுங்க" என்றாள். நான் போக வேண்டியது பூந்தமல்லி. படித்த சந்தோஷத்தில் ஏறிவிட்டேன். அப்படியே அங்கே இருக்கிற என் மகள் கஸ்தூரி வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினேன்.

வருகிற தையில் உன் முதல் திதி. அன்றைக்கு இந்தக் கடிதத்தை மண்டபத்தில் எல்லோர் முன்னாலும் நானே படிக்கப் போகிறேன். நம் ஊரில் இப்போது புது ஆட்கள் நிறைய. முகப்பேர் பக்கமிருந்து வீடு மாற்றி வந்தவர்கள் உன்னைக் கிழவனாகத்தான் பார்த்திருக்கிறார்கள். அவர்களும் கேட்கட்டும் என்றுதான் உனக்குத் தெரிந்ததையும் எழுதுகிறேன். பொறுத்துக்கொள்.

ஆடி மாதம் நம் அம்மனுக்குக் காப்பு கட்டுவோம். மஞ்சள் கிழங்கை நூலில் முடிந்து, முதலில் அம்மனுக்கு, பிறகு கரகத்துக்கு, பிறகு பூசாரிக்கு. கட்டிய நாளிலிருந்து கூழ் ஊற்றி முடித்துக் காப்பை அவிழ்க்கும் வரை ஊரில் யாரும் வெளியே தங்கக் கூடாது. வேலைக்குப் போகலாம். ஆனால் விளக்கு வைப்பதற்குள் எல்லைக் கல்லைத் தாண்டி உள்ளே வந்துவிட வேண்டும். வராதவன் வீட்டில் எல்லையம்மன் வந்து கேட்பாள் என்று நாமெல்லாம் பிறக்கும் முன்பே சொல்லி வைத்திருந்தார்கள்.

ஒரு வருஷம் நான் அப்படி விளக்கு வைப்பதற்குள் வரவில்லை. அப்போது கழனி வேலை போய், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். லாரி தாமதமாக வந்தது. சரக்கை இறக்காமல் போகக் கூடாது என்றார் மேஸ்திரி. இறக்கி முடித்து அங்கேயே படுத்துவிட்டு, விடிந்ததும் வந்தேன். மூன்றாம் நாள் என் மகன் சேகருக்கு உடம்பு முழுக்க அம்மை. ஒன்றரை வயதுப் பிள்ளை. காப்பு அவிழ்க்கும் முன்பே போய்விட்டான்.

நான் எல்லையைத் தாண்டினேன், அம்மா பிள்ளையை எடுத்துக்கொண்டாள். நான் நம்பியது இதுதான். ஆறு வருஷம் நம்பினேன் மாமா. அதன்பிறகு ஆடியில் காப்பு கட்டிவிட்டால் கம்பெனிக்கு லீவு சொல்லிவிட்டு, கோயிலில் கூழ் கிண்டிக்கொண்டு கிடப்பேன். எல்லைக் கல் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டேன்.

ஆறாவது ஆடியில் கஸ்தூரி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள். கூழ் ஊற்றும் ஞாயிற்றுக்கிழமை விடியும் முன்பே வலி எடுத்துவிட்டது. பகல் ஏறியும் பிள்ளை வரவில்லை. நான் கோயிலில் அண்டாவுக்கு முன்னால் கூழ் கிண்டும் துடுப்போடு நிற்கிறேன். என் பெண்டாட்டி பூங்காவனம் தலைவிரி கோலமாக ஓடி வந்தாள்.

"புள்ள குறுக்கால கீதாம். மருத்துவச்சி கைய விரிச்சிட்டா. பூந்தமல்லி ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு ஓடுன்றா. வண்டி சொல்லிட்டேன், நீ வா!"

நான் என்ன கேட்டேன் தெரியுமா? உனக்குத் தெரியும். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். "வெளக்கு வக்கறதுக்குள்ள திரும்பிட முடியுமா?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "நீயெல்லாம் ஒரு மனுசன்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினாள்.

மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஒன்றைப் பிடித்து, பலகை மேல் பாய் போட்டு, கஸ்தூரியைப் படுக்க வைத்துத் தெருவில் கொண்டுவந்தார்கள். கோயிலைக் கடந்துதான் எல்லைக்குப் போக வேண்டும். நான் துடுப்போடு வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டேன். பெற்ற மகள் பலகையில் கிடந்து பல்லைக் கடிக்கிறாள், நான் வழி மறிக்கிறேன். ஊர்ப் பெரியவர்கள் என் பக்கம். "தேசப்பன் சொல்றதுதான் ஞாயம். காப்பு கட்டின ஊர்ல இருந்து பொம்பளைய வெளிய அனுப்பி, நாலு நாள் ஆஸ்பத்திரில போட்டுட்டா, ஊருக்கு ஆர் பதில் சொல்றது?" என்றார்கள்.

அப்போதுதான் நீ வந்தாய். கரகம் எடுக்கக் குளித்துவிட்டு, ஈர மஞ்சள் வேட்டியோடு.

"இன்னாடா மச்சான், லாரிக்கு முன்னால மாடு நிக்கிற மாதிரி நிக்கிற? நவுரு."

"மாமே, ஒரு வாட்டி எல்லைய தாண்டினதுக்கு சேகர எட்த்துக்கினா. இப்ப பொண்ணயும் குடுக்க சொல்றியா?"

உன் வேட்டியிலிருந்து தண்ணீர் சொட்டுவது எனக்குத் தெரிந்தது. பிறகு ஊர் முழுக்கக் கேட்கிற குரலில் சொன்னாய்.

"சேகர அம்மா எடுக்கலடா. நான்தான் எட்த்தேன். அன்னிக்கு உன் பொண்டாட்டி, 'புள்ளைக்கு மூச்சு இழுக்குதுண்ணா, ஆஸ்பத்திரிக்குத் தூக்கினு போறேன்'னு எங்கிட்ட வந்து கேட்டா. அம்மா வந்த ஊட்ட விட்டு வெளிய தூக்காத, வேப்பில போட்டுப் படுக்க வையின்னு சொன்னது இந்த வாயி. நீ கம்பெனில படுத்ததுக்கும் அதுக்கும் ஒண்ணும் இல்ல."

பெரியவர் ஒருத்தர், "பூசாரி, காப்பு கட்டிக்கினு இன்னா பேச்சு பேசற?" என்றார்.

நீ உள்ளே போனாய். தாம்பாளத்தில் மிச்சமிருந்த காப்பு ஒன்றை எடுத்து வந்து, அந்த மீன்பாடி வண்டியின் கைப்பிடியில் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினாய்.

"இப்ப இது அம்மா வண்டி. இது எங்க நிக்குதோ அதுதான் எல்ல. பூந்தமல்லில நின்னா பூந்தமல்லி வரிக்கும் நம்ம ஊரு. இல்லன்னு சொல்றவன் வந்து கரகத்த அவன் தூக்கிக்கட்டும், நான் எறங்கிக்கிறேன்."

யார் தூக்குவார்கள்? பெரியவர் தோளில் கிடந்த துண்டைச் சரி செய்துகொண்டார். ஆனால் நான் அப்போதும் நகரவில்லை. என் அக்காதான் வந்து, என் கையிலிருந்த துடுப்பைப் பிடுங்கி, அதாலேயே என் முதுகில் ஒன்று வைத்தாள். "தள்ளுடா வண்டிய!" என்றாள்.

தள்ளினேன். கை முழுக்கக் கூழோடு, பெங்களூர் ரோட்டில், லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்க அடிக்கப் பூந்தமல்லி வரை தள்ளிக்கொண்டே ஓடினேன். எல்லைக் கல்லைத் தாண்டும்போது கண்ணை மூடிக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் உடனே உள்ளே கொண்டுபோய் ஆபரேஷன் செய்தார்கள். பெண் பிள்ளை. இன்னும் அரை மணி நேரம் தாமதித்திருந்தால் இரண்டு பேரும் இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். அந்தப் பிள்ளை இப்போது பத்தாவது படிக்கிறாள் மாமா. இங்கே வரும்போதெல்லாம் என் நோட்டில் சிவப்பு மையால் திருத்துகிறவளே அவள்தான்.

அந்த வருஷம் ஊருக்கு ஏதாவது கெடுதல் வரும் என்று பலர் காத்திருந்தார்கள். புரட்டாசியில் ஒருத்தர் வீட்டு மாடு செத்தது. "பாத்தியா" என்று உன்னிடம் வந்தார்கள். "மாடு எந்த ஆஸ்பத்திரிக்குப் போச்சு?" என்று கேட்டு அனுப்பிவிட்டாய்.

இனி எழுதுவது ஊருக்குத் தெரியாதது. உனக்கும் முழுதாகத் தெரியாது.

கஸ்தூரி பிழைத்து வீட்டுக்கு வந்த பிறகு நான் உன் முகத்தில் விழிக்கவில்லை. கார்த்திகை வரை கோயில் தெருவில் நடக்கவில்லை. நான் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்கிறேன் என்று நீ நினைத்திருப்பாய். வெட்கம் இல்லை, கோபம். பிள்ளையைக் கொன்றது நான்தான் என்று ஆறு வருஷம் சோறு இறங்காமல் இருந்தேன். பூங்காவனத்தின் பக்கத்தில் படுக்கக் கூசினேன். உன் சொல்லை அம்மன் வாக்காக எடுத்துக்கொண்ட அவள், அதை என்னிடம் சொல்லவே இல்லை. நீ எதிரிலேயே இருந்தாய். தெரிந்தும் பார்த்துக்கொண்டிருந்தாய்.

ஒரே ஒரு தடவை கேட்டேன். "ஏன் மாமே அத்தினி நாள் சொல்லல?" என்று. நீ பொய் சொல்லவில்லை. "அம்மா எட்த்துக்கினான்னு நீயே சொல்லிக்கினு திரிஞ்சியா, எனக்கு அது சௌகரியமா இருந்துதுடா" என்றாய். அதைக் கேட்டபோது உன்னை அடிக்கலாம் போல இருந்தது. இப்படி உண்மையைச் சொல்கிறவனை எப்படி அடிப்பது?

பிறகு நீ செய்ததை நான் தூரத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருந்தேன். நர்ஸம்மா எஸ்தர் அப்போது தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், வெயிலில், ஊசிப் பெட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தியும் போக மாட்டாள். கழுத்தில் சிலுவை இருக்கிறது, ஊசி போட்டு மதம் மாற்றிவிடுவார் என்று ஒரு பேச்சு. நீ போய் அவரைக் கோயில் மண்டபத்துக்குக் கூப்பிட்டாய்.

"பூசாரியய்யா, நான் கோயிலுக்குள்ள வரலாமா?" என்று அவர் தயங்கினார்.

"நீ ஊசி வச்சிக்கினு கீற, அவ வேப்பில வச்சிக்கினு கீறா. ரெண்டு பேருமே புள்ளைங்கள அழ வக்கிறவங்கதான். ஒத்துப்போவும், வா" என்றாய். எஸ்தரம்மா சிரித்த சிரிப்பு தெருக்கோடியில் நின்ற எனக்குக் கேட்டது.

அன்றிலிருந்து புதன்கிழமை என்றால் மண்டபத்தில் ஊசி. பிள்ளைகளை எடை போடுகிற தராசை எங்கே தொங்கவிடுவது என்று அவர் தேட, பம்பை மேளம் மாட்டி வைக்கிற கொக்கியைக் காட்டினாய். அம்மை வந்த வீட்டுக்கு நீ வேப்பிலைக் கொத்தோடு போவதை விடவில்லை. ஆனால் கூடவே எஸ்தரம்மாவையும் கூட்டிக்கொண்டு போனாய். வேப்பிலையை நீ வாசலில் சொருகுவாய், அவர் உள்ளே போய்ப் பிள்ளையின் நெஞ்சில் காது வைத்துக் கேட்பார். மூச்சு வாங்கினால் அந்த நிமிஷமே வண்டி. கேழ்வரகு பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு நல்லது என்று அவர் சொன்னதும், ஆடிக் கூழில் முதல் சொம்பு அவர்களுக்குத்தான் என்று வைத்தாய். அதுவரை முதல் சொம்பு வாங்கிக்கொண்டிருந்த பெரியவர்கள் வரிசையில் நின்றார்கள். அதைப் பார்த்துத்தான் நான் முதல் தடவை சிரித்தேன்.

மொட்டை அடிக்கவும் காது குத்தவும் வருகிறவர்களிடம், "மொதல்ல ஊசி அட்டைய காட்டு, அப்பறம் கத்தி" என்பாய். உனக்கும் எழுத்து தெரியாது. அட்டையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, வாத்தியார் மாதிரி மேலும் கீழும் பார்ப்பாய். கட்டங்களில் மை விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்ப்பாய். ஒரு கட்டம் வெறுமையாக இருந்தாலும், "போயி ரொப்பிக்கினு வா, அம்மா எங்கயும் போய்டமாட்டா" என்று திருப்பி அனுப்புவாய். அம்மனை வேண்டிக்கொண்டு வந்தவர்கள், அம்மனின் பூசாரியையே திட்டிக்கொண்டு போவார்கள். அடுத்த புதன்கிழமை வந்துவிடுவார்கள்.

தர்கா ஹஜ்ரத் உன்னிடம் கூழ் குடிக்க வந்த வருஷம் ஞாபகம் இருக்கிறதா? "பூசாரி, நீ சொன்னா உன் ஜனம் கேக்குது. எங்க பொம்பளைங்களுக்கு நான் சொல்லிப் பாக்கட்டுமா?" என்று கேட்டார். "என்னிய எதுக்குக் கேக்கற? மைக் உங்கிட்டயும் கீதில்ல பாய்?" என்றாய். அதிலிருந்து வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் அவரும் சொன்னார். புதன்கிழமை மண்டபத்தில் புர்கா போட்ட பெண்களும் வந்து உட்கார்ந்தார்கள். எஸ்தரம்மாவின் சர்ச்சிலிருந்து பெண்கள் கைக்குழந்தைகளுக்குச் சட்டை தைத்துக் கொடுத்தார்கள். ஒருத்தர் சாமியை ஒருத்தர் மாற்றவில்லை. புதன்கிழமை ராத்திரி பிள்ளைகளுக்கு ஊசிக் காய்ச்சல் வரும்போது மட்டும், எல்லா வீட்டிலும் ஒரே மாதிரி அழுகை.

ஒவ்வொரு ஆடியும் கரகத்துக்குக் காப்பு கட்டியதும், ஊரில் நிற்கிற ஒரு வண்டிக்கும் காப்பு கட்டுவாய். முதலில் மீன்பாடி வண்டி, அப்புறம் ஒரு டெம்போ, இப்போது ஆட்டோ. எத்தனை பெண்கள் அந்தக் காப்பை நம்பி எல்லைக் கல்லைத் தாண்டினார்கள்! நீ போன பிறகு இது நின்றுவிடுமோ என்றுதான் எனக்குப் பயம்.

இப்போது இந்த ஆடியின் செய்தியைச் சொல்கிறேன்.

உன் மகன் ஏழுமலை உன் இடத்தில் பூசாரி. நல்ல பிள்ளை. லேத் பட்டறையில் இரும்பை வளைப்பான், நாலு பேர் முன்னால் வாய் திறக்க மாட்டான். அவன் பெண்டாட்டி கலாவுக்கு ஆடியில்தான் நாள் குறித்திருந்தது. ரத்த அழுத்தம் இருக்கிறது, எங்கேயும் தூரம் அனுப்பாதீர்கள் என்று நர்ஸம்மா சொல்லியிருந்தார். கோயில் கமிட்டியில் வேறு பேச்சு. "பூசாரி ஊட்ல கொயந்த பொறந்தா தீட்டு. கரகம் ஆர் எடுக்கறது? காப்பு கட்றதுக்கு முன்ன அவள திருத்தணிக்கு, அம்மா ஊட்டுக்கு பஸ் ஏத்தி வுட்டுடு. இப்பதான் ஆட்டோ கூப்ட்டா வருது, போன் கீது, வண்டிக்கெல்லாம் எதுக்குக் காப்பு? ஊரு சிரிக்குது" என்றார்கள்.

ஏழுமலை என்னிடம் வந்தான். "நைனா இருந்தா இன்னா பண்ணியிருப்பாரு மாமா?" என்றான்.

"உங்க நைனாவுக்கு வாயத் தொறக்க ஆறு வருசம் ஆச்சு. நீ அத்தினி நாள் எட்த்துக்காத" என்றேன்.

அவன் கமிட்டிக்கு முன்னால் போய் நின்றான். தரையைப் பார்த்துக்கொண்டேதான் பேசினான். "காப்பு கட்டினவனுக்குத் தீட்டு இல்லன்னு நீங்கதான சொல்லிக்கினு வந்தீங்க? எங்க நைனா செத்து ஒரு வருசம் ஆவலன்னாலும் நான் கரகம் எடுக்கணும்னு சொன்னீங்க. சாவுக்கு இல்லாத தீட்டு பொறப்புக்கு எங்கருந்து வந்துது? என் பொண்டாட்டி இங்கதான் இருப்பா." அவ்வளவுதான். கமிட்டிக்காரர்கள் எழுந்து கலைந்து போனார்கள். நீயாக இருந்தால் இதையே இன்னும் சத்தமாகச் சொல்லியிருப்பாய். சத்தமில்லாமல் சொன்னதும் நன்றாகத்தான் இருந்தது.

ஆட்டோவுக்குக் காப்பை என்னையே கட்டச் சொன்னான். வழி மறித்த அதே கையால் கட்டினேன். நாலாம் நாள் மத்தியானம், அவன் கரகத்தைத் தலையில் ஏற்றிய நேரம் பார்த்துக் கலாவுக்கு வலி வந்தது. கரகத்தோடு அவன் தெருவில் நிற்க, ஆட்டோ அவனைச் சுற்றிக்கொண்டு போனது. அக்காவும் நானும் உள்ளே. பம்பைச் சத்தம் காதில் விழும்போதே எல்லைக் கல் போய்விட்டது. இந்தத் தடவை நான் கண்ணை மூடவில்லை.

பேரன் மாமா. உன் பேரன். கலாவும் நலம். விளக்கு வைப்பதற்குள் யாரும் ஊர் திரும்பவில்லை. ஒன்றும் ஆகவில்லை.

ஆஸ்பத்திரியில் ஊசி அட்டையை என் கையில் கொடுத்தார்கள். அதை நேராகப் பிடித்து, மேலிருந்து ஒவ்வொரு வரியாகப் படித்தேன். ஒன்பதாம் மாதம் என்று ஒரு கட்டம். பக்கத்தில் "தட்டம்மை" என்று போட்டிருந்தது. அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். இவ்வளவு சின்னக் கட்டமா? சேகருக்கு இது கிடைத்திருந்தால் என்று ஒரு நினைப்பு வந்தது. வந்து, போய்விட்டது. உன் மேல் இருந்த கோபம் எந்த நாளில் போனது என்று யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை. உள்ளே தேடினேன், இல்லை. இதை நீ இருக்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆறு வருஷம் எடுத்துக்கொண்ட உன்னைச் சொல்கிறேன், நான் அதைவிட அதிகமாக எடுத்துக்கொண்டேன்.

ஒரு வாக்கு மட்டும் கொடுக்கிறேன். வருகிற சித்திரையில் உன் பேரனுக்கு ஒன்பது மாதம் முடிகிறது. அந்தப் புதன்கிழமை அவனை நான்தான் மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு போவேன். தட்டம்மைக் கட்டத்தில் தேதி விழுந்ததை என் கண்ணால் படித்த பிறகுதான் உன் பக்கத்தில் வந்து படுப்பேன். அதுவரை என்னை அங்கே எதிர்பார்க்காதே.

இப்படிக்கு,
உன் அலமேலுவின் தம்பி,
சேகரின் அப்பன்,
தேசப்பன்